பக்கத்தில் உட்கார ஒரு பெண்

துளசி பெரியவளான மூன்றாம் நாள் கலாவதி அண்ணி புஞ்சாக் ஆலாமிலிருந்து வந்து இறங்கினார். என் கணவர் திவாகரனின் அக்கா. எங்கள் வீட்டில் எந்தச் சடங்கு நடந்தாலும் அதை முன்னின்று நடத்துபவர் அவர்தான். செருப்பைக் கழற்றும்போதே பேச்சைத் தொடங்கிவிட்டார்.

"மண்டபம் பாத்தாச்சா? தோட்டத்துக் கோயில் மண்டபமே போதும்லா. டவுன்ல எடுத்தா கொன்னுடுவானுங்க. உன் அண்ணன்கிட்ட சீருக்குச் சொல்லிட்டியா? சரி, கூட்டாளிப் பொண்ணு யாரு?"

அடுப்பில் தேத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் தீயைக் குறைத்தேன்.

எங்கள் வழக்கத்தில் சடங்குக்கு உட்காரும் பெண்ணைத் தனியாக உட்கார வைப்பதில்லை. இன்னும் பெரியவளாகாத, ஏறக்குறைய அவள் வயதுள்ள ஒருத்தி அதே மாதிரி மாலை போட்டுப் பக்கத்தில் உட்காருவாள். மஞ்சள் பூசினாலும் ஆலம் சுற்றினாலும் இருவருக்கும் சேர்த்துத்தான். பெரும்பாலும் வகுப்பில் பக்கத்து நாற்காலியில் இருப்பவள்தான் வருவாள். அவளை யாரும் தேடிக் கண்டுபிடிப்பதில்லை. அந்தப் பெண் ஏற்கெனவே அங்கே இருப்பாள்.

"துளசிகிட்ட கேட்டுச் சொல்றேன் அண்ணி."

"என்னத்த கேக்கறது? ஸ்கூலுக்கே அனுப்பல. எங்கேருந்து வருவா கூட்டாளி?" சொன்ன பிறகுதான் அண்ணி என் முகத்தைப் பார்த்தார். "நான் தப்பா சொல்லல பிரமிளா. சொந்தத்துல ஒரு சின்னப் பிள்ளைய உக்கார வச்சிக்கலாம், அதுக்கென்னா."

துளசி இரண்டாம் ஆண்டில் படிக்கும்போது அவளுக்கு வலிப்பு வரத் தொடங்கியது. தோட்டத் தமிழ்ப்பள்ளி, சின்ன வகுப்பு, எல்லாரும் தெரிந்த பிள்ளைகள். முதல் முறை அவள் காலைச் சபைகூடலில் விழுந்தபோது பிள்ளைகள் அழுதார்கள். அடுத்தடுத்து வந்தபோது பழகிவிட்டார்கள். பிறகு ஓய்வு நேரத்தில் புல்லில் விழுந்து கைகாலை உதறி விளையாடினார்கள். ஆசிரியர்கள் அதட்டினார்கள், நல்லவர்கள். ஆனால் துளசி அதைப் பார்த்துவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்து, "நான் அப்படியாம்மா இருப்பேன்?" என்று கேட்டாள்.

அதற்கு மேல் என்னால் அவளை அனுப்ப முடியவில்லை. மருத்துவர் கடிதம் கொடுத்தார். வீட்டிலேயே படிக்க அனுமதி கிடைத்தது. நான் பாலர் பள்ளி ஆசிரியை. என் மகளுக்கு என்னைவிட யார் நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட முடியும் என்று நினைத்து வேலையை விட்டேன்.

அந்த நினைப்பு பொய்யாகிவிடவும் இல்லை. மணியடிக்காத வீட்டில் அவள் அவசரமின்றிப் படித்தாள். புரியாத கணக்கை மறுநாளும் அதற்கு மறுநாளும் போடலாம், யாரும் சிரிக்கமாட்டார்கள். நீர் வற்றும் நேரமாகப் பார்த்து சுங்கை செம்பிலாங் கடற்கரைக்குப் போவோம். சேற்றில் நண்டு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே அவள் நிலவையும் கடலேற்றத்தையும் கற்றுக்கொண்டாள். படித்துக் களைத்தால் மேசையிலேயே தலைவைத்துத் தூங்குவாள். வலிப்பு குறைந்தது, பிறகு நின்றது. மாத்திரையையும் நிறுத்திவிட்ட மருத்துவர், "இனிமே தாராளமா ஸ்கூலுக்குப் போகலாம்" என்று சொன்ன அன்று திவாகரன் வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டே காரோட்டினார். நான் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். செம்பனை வரிசைகள் ஓடிக்கொண்டிருந்தன. மகிழ்ச்சிக்கு அடியில் எதையோ பறிகொடுத்தது போல இருந்தது. அது என்ன என்று தோண்டிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஆறாம் ஆண்டு முடியட்டும், இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்கு அனுப்பலாம் என்று நாங்கள் முடிவு செய்தோம். ஜனவரி அப்போது மிகத் தொலைவில் இருந்தது.

இப்போது விடுமுறை முடிந்தால் ஜனவரி. துளசியோ பின்னறையில் தனித் தட்டும் தனிக் குவளையுமாக உட்கார்ந்திருந்தாள். தீட்டு நாட்களில் புத்தகத்தைத் தொடக்கூடாது என்று அண்ணி சொல்லிவிட்டார். நாங்கள் பாடம் இல்லாமல் இருந்த நாட்கள் இத்தனை வருடத்தில் இவைதான். கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பாடம் இல்லையென்றால் என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை.

"பக்கத்துல உக்கார யாரக் கூப்பிடலாம்மா?" என்றேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "பிரேமலா."

பிரேமலா, இரண்டாம் ஆண்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்.

தாம்பூலத் தட்டோடு அன்று மாலையே போனேன். பிரேமலாவின் அம்மா புஷ்பா வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கக்கா, வாங்கக்கா. பாத்தே எவ்ளோ நாளாச்சு. இவ இன்னும் வயசுக்கு வந்து உக்காரல, உக்காந்தா உங்களுக்குச் சொல்லாமலா? ஏய் பிரேமா, துளசிக்கு சடங்காம். உன்னத்தான் கூட்டாளியா கேக்கறா."

சோபாவில் படுத்துக் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "எந்தத் துளசி?" பிறகு முகம் தெளிந்தது. "ஓ, ஃபிட்ஸ் வருமே, அந்தப் பிள்ளையா?"

புஷ்பா அவள் தலையில் தட்டினாள். "வாயப் பாரு. அக்கா, மன்னிச்சிக்குங்க."

"வர்றேன் ஆன்ட்டி," என்றாள் பிரேமலா. கெட்ட பெண் இல்லை. "ஆனா போட்டோவ யாரும் டிக்டாக்ல போடக் கூடாது, சொல்லிட்டேன்."

நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து துளசியிடம், "ரொம்ப சந்தோஷமா வர்றேன்னு சொன்னா" என்றேன்.

அடுத்த நாட்களில் துளசி ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "அவகிட்ட நான் என்னா பேசணும்மா?"

"எப்படி இருக்கேன்னு கேளு. எந்தப் பாடம் பிடிக்கும்னு கேளு. விடுமுறையில எங்க போனேன்னு கேளு..." விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினேன். அவளும் விரல் மடக்கிக்கொண்டிருந்தாள், மனனம் செய்வது போல. எனக்குத் தெரிந்ததெல்லாம் பாடமாக்குவதுதான். இது பாடமாக முடியாதது என்று இவ்வளவு காலமும் எனக்குத் தோன்றவே இல்லை.

சடங்கன்று மண்டபத்தில் இருவரும் ஒரே மாதிரி மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். துளசி அழகாக இருந்தாள். நான் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றேன். அவள் திரும்பி, நான் சொல்லிக்கொடுத்த எதையும் கேட்காமல், தன் சொந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"நீ இன்னும் ஜேம் தடவின ரொட்டி கொண்டு போவியா?"

"என்னா ரொட்டி?"

"ஓய்வு நேரத்துல கொண்டாருவ. எனக்குப் பாதி தருவ. ஓரத்த மட்டும் பிச்சி நீ வச்சிக்குவ."

பிரேமலா மரியாதையாகச் சிரித்தாள். "ஞாபகம் இல்லலா. அப்ப நாம சின்னப் பிள்ளைங்க."

துளசி தலையாட்டினாள். அவள் அந்த ரொட்டியை இத்தனை வருடமாக வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. என்னோடு தினமும் பேசியவள், இதை என்னிடம் சொன்னதே இல்லை.

ஆலம் சுற்றி முடிந்ததும் பிரேமலாவின் கூட்டாளிகள் சிலர் மேடைக்கு ஓடி வந்தார்கள். படம் எடுக்க வேண்டுமாம்.

"ஏய், நீதான் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்க!"

"வாய மூடுடி. ஜனவரில ஸ்கூலுக்குக் காளியண்ணன் அங்கிள் வேன்தானே? பின் சீட்டு நமக்குத்தான், இப்பவே சொல்லி வச்சாச்சு."

"போன வருஷம் மாதிரி அவரு ரேடியோவுல பழைய பாட்டா போட்டுக் கொல்லப் போறாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். துளசியும் சிரித்தாள். ஆனால் ஒரு கணம் தாமதமாக. அவர்கள் நிறுத்திய பிறகும் அவள் சிரிப்பு தனியாகச் சற்று நீண்டது. அதைத் தானே கேட்டு, சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அதன்பின் அவள் அவர்களுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது சிரிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள. என் கையிலிருந்த சந்தனம் காய்ந்துவிட்டது.

வலிப்பிலிருந்து, கேலியிலிருந்து, தோல்வியிலிருந்து அவளைக் காத்தேன். சண்டை போட்டுவிட்டு மறுநாள் ரொட்டியைப் பாதியாக்கிக் கொடுப்பதிலிருந்தும் காத்துவிட்டேன். இரண்டும் ஒரே கதவுக்குப் பின்னால் இருந்தன. எதை வெளியே நிறுத்துகிறேன் என்று பார்த்தா மூடினேன்?

மறுநாள் காலை துளசி குளித்துவிட்டு வந்து தன் மேசையைத் துடைத்தாள். அண்ணி விதித்த தடை முடிந்துவிட்டது.

"அம்மா, நான் ஸ்கூலுக்குப் போகல."

"ஏன்டா?"

"நீங்களே சொல்லிக்கொடுங்க. எனக்கு நீங்க போதும்மா."

எந்தத் தாயும் கேட்க ஏங்கும் சொல். இரண்டாம் ஆண்டில் அவள் இதைச் சொல்லியிருந்தால் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பேன். இப்போது சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். சரி என்று சொல்வது எவ்வளவு எளிது! திவாகரன்கூட மறுக்கமாட்டார். நாளையே சுங்கை செம்பிலாங்குக்குப் போகலாம், நீர் வற்றுகிற நேரத்தில், நாங்கள் இருவர் மட்டும்.

கையைத் துடைத்துக்கொண்டு காளியண்ணனுக்கு அழைத்தேன்.

"இடமா? பின்னால எல்லாம் ஃபுல்லு தங்கச்சி. கூட்டாளிங்க கூட்டாளிங்களா பேசி வச்சிருக்குதுங்க, ஒண்ணும் அசையாது. முன்னால என் பக்கத்துல ஒரு சீட்டு இருக்கு. பிள்ள தனியா உக்காருமா?"

"உக்காருவா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "உக்காருவாண்ணே."

துளசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் திரும்பி வந்தபோது அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. சண்டை போடக்கூட நான் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. மேசையில் விரலால் கோடு போட்டபடி இருந்தாள்.

"அந்த அங்கிள் வழியெல்லாம் பேசுவாராம்மா?"

"நிறையப் பேசுவாரு. பாட்டு வேற போடுவாராம்."

"அப்ப நான் ஒண்ணும் பேச வேணாம்," என்றாள். பிறகு பக்கத்திலிருந்த என் நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டாள்.