கண்கள் பேசிக்கொள்ளாத வீடு

சௌந்தரவல்லியின் இரண்டு கண்களும் ஒன்றோடொன்று பேசுவதை நிறுத்திவிட்டதால், அன்று காலை அவள் வீட்டில் எதற்கும் ஆழம் இல்லாமல் போனது. குடங்கள் சுவரில் ஒட்டிய படம்போல நின்றன. அவள் கணவர் தணிகாசலம் நாற்காலியில் தட்டையாக உட்கார்ந்து, தட்டையான டம்ளரிலிருந்து டீயை நக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு கண்ணை மூடிப் பார்த்தியா?" என்றார்.

"லைட் கம்பம் நம்ம வீட்டுப் பக்கம் சாஞ்சிருக்கான்னு பார்த்தேன். மனசு கேக்கலை. இன்னொரு கண்ணாலயும் பார்த்தேன்."

"தனித்தனியா கேட்டா வம்புதான்."

அந்தத் தெருவில் யாரும் கண்களைத் தனித்தனியாகக் கேட்பதில்லை. கம்பத்துக்குப் பின்னால் தூரத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது. மரம் கம்பத்துக்கு இடப்பக்கம் நிற்கிறது என்றது இடது கண். வலப்பக்கம் என்றது வலது கண். இத்தனை வருடமும் இரண்டு படத்தையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் ஆழம் காட்டும் வேலை நடந்தது. மற்றது வேறாகப் பார்க்கிறது என்று அன்றுதான் இரண்டுக்கும் தெரிந்தது. பொய் சொல்கிற கண்ணோடு என்ன பேச்சு என்று இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

தெருமுனையில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. மகளின் மாமியார் வீட்டார் மதியம் சாப்பிட வருகிறார்கள். வீட்டில் அரிசி களையக்கூடத் தண்ணீர் இல்லை. அடுத்த லாரி வாரக் கடைசியில்தான்.

அண்டாவையும் குடங்களையும் பாய்போல அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். டிரைவர் தேவசகாயம் குழாயைக் குடத்தில் வைத்தார். தண்ணீர் குடத்தின்மேல் வழிந்து சாக்கடைக்குப் போனது.

"யக்கா, படத்துல எப்படிக்கா தண்ணி பிடிக்கிறது?"

"கொஞ்சம் மெதுவா விட்டுப் பாருப்பா."

"வல்லி, நகரு. உன் கண்ணு சமாதானம் ஆகிறதுக்குள்ள எங்க தண்ணி போயிடும்" என்றாள் பின்னால் நின்ற பெட்டிக்கடை மேகலா. ஆனாலும் மனசு கேட்காமல் கடைக்குள் போய் ஒரு தேன்மிட்டாய் எடுத்துவந்தாள். "ரெண்டும் இதைப் பாருங்க" என்று தூரத்தில் காட்டி, மெல்ல மெல்ல சௌந்தரவல்லியின் மூக்குவரை கொண்டுவந்தாள்.

இரண்டு கண்களுக்கும் தேன்மிட்டாய் என்றால் உயிர். இரண்டும் உள்பக்கமாகத் திரும்பித் திரும்பி, கடைசியில் மூக்குத்தண்டுக்கு மேலே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறந்ததிலிருந்து பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் அவை நேருக்கு நேர் பார்த்ததில்லை.

"நீ நிக்கிற இடத்துலேர்ந்து பார்த்தா மரம் அந்தப் பக்கம்தான் தெரியும்" என்றது இடது கண்.

"உனக்கும் அப்படித்தான்" என்றது வலது.

அண்டா டொக்கென்று குழிந்தது. குடங்கள் வரிசையாக வயிறு தள்ளின. வீட்டுக்குள்ளிருந்து தணிகாசலத்தின் தொப்பை சட்டைப் பொத்தானைத் தெறிக்கவிட்ட சத்தம் கேட்டது. அண்டா நிரம்பியது, குடங்களும் நிரம்பின. சமையலுக்குப் போதும்.

சமாதானமான சந்தோஷத்தில் கண்கள் கடைசிக் குடத்துக்கு மட்டும் ஆழத்தை அள்ளிக் கொடுத்துவிட்டன. எவ்வளவு விட்டாலும் அது நிரம்பவில்லை. குழாயும் நழுவி உள்ளே விழுந்தது. தேவசகாயம் லுங்கியை மடித்துக் கட்டி, அதை எடுக்க உள்ளே இறங்கினார்.

"யக்கா, கீழே ஒரு தெரு இருக்கு" என்று குரல் வந்தது. "எல்லாரும் குடத்தோட நிக்கிறாங்க. பிடிச்சுக்கச் சொல்லவா?"

சௌந்தரவல்லி தன் அண்டாவை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"பிடிக்கட்டும். முண்டியடிக்காம வரிசையில வரச் சொல்லு."