நதிக்கு அறுபது பக்கம்

நான்கு மணி நேரம். அதில் பன்னிரண்டு நிமிடம்தான் கழிந்திருந்தது. இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில், சக்கரம் வைத்த சிறு மேசையில் புத்தகம் விரிந்து கிடந்தது. அவள் வலப்பக்கத்தின் கடைசி வரிக்கு வந்து வெகுநேரம் ஆகிவிட்டது. பக்கத்து நாற்காலி அக்கா இன்னும் பாதியில் இருந்தாள்; உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. வழக்கமாக அவளுக்கு இந்தக் காத்திருப்பு பிடிக்கும். இன்று விரல் நுனி வரை பரபரத்தது. இன்றைக்கு விட்டால் சனிக்கிழமை மட்டும்தான். திங்கள் அவள் பெரிய ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், புதன்கிழமை ஆபரேஷன். சித்தியின் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்திவிட்டது. இந்த டயாலிசிஸ் அறையில் அது டெக்னீஷியனுக்கு மட்டும் தெரியும். அக்காவுக்குத் தெரியாது.

ஒன்றரை வருடம் முன்பு அவள் முதன்முதலாக இந்த நாற்காலியில் சாய்ந்தபோது, ஊசியின் பருமனைப் பார்த்து முகம் வெளுத்துவிட்டது. அப்போது அறிமுகம்கூட இல்லாமல் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "நீ பாட்டுக்கு ஓட்டு. பிரேக் என் கால்ல இருக்கு." என்ன பிரேக், யார் கால் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் ஊசி ஏறிவிட்டது. அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள் என்பது பிறகுதான் தெரிந்தது. பதினைந்து வருடமாகப் பயிற்சி வண்டியில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில், தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கின் மேல் கால் வைத்து உட்கார்ந்தவள். டெக்னீஷியனுக்கு 'அலாரம்' என்று பேர் வைத்தது அக்காதான். மெஷின் கத்தினால்தான் அந்த அம்மாள் தலை காட்டுவாள். குடிநீர் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் இவளுக்கு 'லேப்'.

அவளுக்கு ஊசி குத்துவது இடது கையில். அக்காவுக்கு இடது கை ரத்தக்குழாய் எப்போதோ அடைத்துக்கொண்டதால் வலது கையில். குத்திய கையை நான்கு மணி நேரமும் மடக்கக் கூடாது. முதல் மாதம் அவள் இந்தப் புத்தகத்தின் முதல் பாகத்தைக் கொண்டுவந்தாள். கல்லூரியில் ஆசைப்பட்டு வாங்கி, தடிமனைப் பார்த்து மிரண்டு அலமாரியில் ஏற்றிவைத்தது. மூன்று பாகம், ஒவ்வொன்றும் செங்கல் கனம். ஒற்றைக் கையால் தூக்கிப் பிடித்துப் படித்தாள். பத்தே நிமிடத்தில் வழுக்கியது. பிடிக்கப் போய் இடது கை மடங்கியது. மெஷின் ஊரைக் கூட்டியது. அலாரம் வந்து திட்டிவிட்டுப் போன பிறகு, பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கை நீண்டு புத்தகத்தின் மறுபாதியைப் பிடித்துக்கொண்டது. "நீ அந்தப் பக்கம் பிடி, நான் இந்தப் பக்கம் பிடிக்கிறேன். அப்படியே என்ன கதைன்னு நானும் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து அப்படித்தான். அவளுடைய வலது கை இடப்பக்கத்தை அழுத்தும், அக்காவின் இடது கை வலப்பக்கத்தை. தாளைத் தூக்கிக் கொடுப்பது அக்கா வேலை, வாங்கிப் படியவைப்பது இவள் வேலை. ஆகவே வேகம் அக்கா வசம் இருந்தது. கையில் எது கிடைத்தாலும் மடமடவென்று படித்துத் தள்ளும் பெண் காத்திருக்கக் கற்றுக்கொண்டாள். காத்திருக்கும்போது, படித்த பக்கத்துக்கே திரும்பப் போய், விட்டுப்போன புல்லையும் கல்லையும் பார்ப்பாள்.

கதை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நாட்டில் நதிகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. பருவத்துக்குப் பருவம் தடம் மாறும். அந்த நாட்டை வரைபடமாக வரைய ஒரு பெண் போகிறாள். அவளுடைய பெட்டியைச் சுமந்துகொண்டு ஒரு சுமைதூக்கி போகிறான். முதல் நதிக்கே அறுபது பக்கம். கரைமண்ணின் நிறம், விடியலில் தண்ணீர் ஆவியாவது, கால் வைக்கும்போது கெண்டைக்கால் வரை ஏறும் குளிர், நடுநதியில் சத்தம் அடங்கிப்போவது. எழுத்தாளர் தண்ணீரை ஊற்றி ஊற்றியே புத்தகத்தைப் பெருக்கிவிட்டார் என்று இணையத்தில் பலர் கேலி செய்திருந்தார்கள். அவர்களெல்லாம் தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்கிறவர்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு நாளைக்கு அரை லிட்டர். மாத்திரை விழுங்குவதும் அதற்குள் அடக்கம். பரிசோதனைக்கூடத்தில் நாள் முழுக்க பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, ஒரு துண்டு ஐஸை வாயில் ஒதுக்கிக்கொள்கிறவள் அவள். அக்கா அந்த அறுபது பக்கத்தையும் இரண்டு வாரம் வைத்துக் குடித்தாள். நல்ல இடம் வந்தால் மறுபடி முதலிலிருந்து. "இந்தப் பொம்பளை இன்னும் ரெண்டாவது கியரையே தாண்டல" என்று குறை சொல்லிக்கொண்டே தாளைத் தூக்க மனமில்லாமல் இருப்பாள். அந்த அறையை விட்டு இறங்கும்போது இவளுக்கு நாக்கு வறண்டுதான் இருக்கும். ஆனாலும் எங்கோ கால் நனைத்துவிட்டு வந்தது போல இருக்கும்.

நடுவில் அது தொலைக்காட்சித் தொடராக வந்தது. எட்டு எபிசோடு. அலாரம் அதை இரண்டே நாளில் முழுதாகப் பார்த்துவிட்டு, முடிவைச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அறை டி.வி.யில் முதல் எபிசோடைப் போட்டாள். அறுபது பக்க நதி மூன்று நிமிடத்தில் முடிந்தது. மேலேயிருந்து பறவை பார்ப்பது போல நீலம் நீலமாக வளைந்தது. அந்தப் பெண் முழங்கால் நனைய நடந்து அக்கரை ஏறிவிட்டாள். சுமைதூக்கியைக் காணவே காணோம். கதைக்கு அவன் தேவையில்லை என்று எடுத்துவிட்டார்களாம். அக்கா அலாரத்தைப் பார்த்து, "அப்போ பெட்டியை யாரு தூக்குறா?" என்றாள். மற்ற நாற்காலிகளிலிருந்தெல்லாம் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

ஆனாலும் ஒன்றை அக்கா ஒத்துக்கொண்டாள். தண்ணீரின் சத்தம் நன்றாக இருந்தது. அதைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு டி.வி.யை அணைக்கச் சொன்னாள். புத்தகம் முடியட்டும், அப்புறம் இருவரும் சேர்ந்து முதலிலிருந்து பார்ப்போம், எங்கெங்கே பெட்டியைக் கீழே போட்டார்கள் என்று கண்டுபிடிப்போம் என்றாள். சரி என்று தலையாட்டினாள் அவள். அப்போது அவள் வீட்டில் யாருக்கும் சிறுநீரகப் பொருத்தம் பார்க்கும் பரிசோதனையே தொடங்கியிருக்கவில்லை.

சித்தி பார்சல் ஆபீஸில் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டுகிறவள். எந்தப் பேச்சும் எடுக்காமல், ஒரு நாள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள். "எனக்குத்தான் ரெண்டு இருக்கே. ஒண்ணு சும்மா உக்காந்து சாப்பிடுது. அதை உன்கிட்ட வேலைக்கு அனுப்புறேன்." அவள் நன்றி என்ற சொல்லை வாய் வரை கொண்டுவந்து பார்த்தாள். பஸ்ஸில் இடம் விட்டவருக்கும் அதே சொல்தான். ஆகவே அன்று ராத்திரி சித்தியின் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். ஒரு டப்பாவை எத்தனை தரம்டி கழுவுவே என்று சித்தி உள்ளேயிருந்து அதட்டினாள். எல்லாப் பரிசோதனையும் ஒத்துவந்த நாளில் டாக்டர், ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்றார். லிஃப்டில் இறங்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷம்தான். கூடவே, இதை அக்காவிடம் எந்த வாயால் சொல்வது என்பதும்.

அக்காவுக்குச் சிறுநீரகம் தர முதலில் ஒத்துக்கொண்டவர் அவளுடைய அண்ணன். கடைசியில் அண்ணி அழுதாள். அண்ணன் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். "டெஸ்ட் டிரைவ் வரைக்கும் வந்தான்" என்று அக்கா ஒரே ஒருமுறை, யார் வீட்டிலோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். அதன் பிறகு அவளுடைய இதயம் அவ்வளவு பெரிய ஆபரேஷனைத் தாங்காது என்று டாக்டர்களே கையை விரித்துவிட்டார்கள். அக்காவுக்கு இனி எப்போதும் இந்த அறைதான், இந்த நாற்காலிதான். இவளோ ஆபரேஷனுக்குப் பிறகு பல மாதம், தன் பரிசோதனைகளுக்குத் தவிர, எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கக் கூடாது, தொற்று வந்துவிடும். போய்வருகிறேன் என்று சொல்கிற மாதிரியான போக்கு இல்லை இது. போதாக்குறைக்கு அந்தப் புத்தகம். ஒற்றைக் கையால் அதைப் படிக்க முடியாது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்?

"திருப்பலாமாக்கா?" இரண்டாவது முறையாகக் கேட்டாள்.

அக்கா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். பக்கத்து சீட்டில் இருந்தபடியே, கற்றுக்கொள்கிறவரின் கால் எதை மிதிக்கப் போகிறது என்று கண்டுபிடிக்கும் பார்வை. "என்ன லேப், ஆக்ஸிலரேட்டர்ல கால வச்சுட்ட?"

ஒன்றுமில்லை என்றாள். அக்கா வேண்டுமென்றே பக்கத்தின் முதல் வரிக்குப் போய் மறுபடி ஆரம்பித்தாள். அன்று ஒரு ஏரிக்கரையோடு நான்கு மணி நேரமும் தீர்ந்தது. விரல் தடிமனுக்குப் பக்கங்கள் மிச்சம் இருந்தன. சனிக்கிழமைக்குள் முடியாது என்பது தெளிவாகத் தெரிந்தது. சொல்லாமலே போய்விடலாமா என்று பஸ்ஸில் யோசித்தாள். அலாரம் பிறகு சொல்லிக்கொள்வாள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இப்படி ஒரு வழி எப்போதும் திறந்தே இருக்கும். அதை நினைத்து அவளுக்கே அவமானமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம், பரிசோதனைக்கூடத்து அறிக்கைகளை பைண்டிங் செய்யும் கடைக்கு, படித்துக்கொண்டிருந்த மூன்றாம் பாகத்தைக் கொண்டுபோனாள். படித்தவரைக்கும் அடையாளம் வைத்திருந்த இடத்தைக் காட்டினாள். இதிலிருந்து மிச்சத்தை ஐந்தாகப் பிரித்து, மெல்லிசாகத் தனித்தனியே கட்டித் தர வேண்டும் என்றாள். பைண்டர் புத்தகத்தைத் தடவிப் பார்த்தார். நல்ல புத்தகத்தை எதற்குக் கூறு போட வேண்டும் என்று கேட்டார். ஒரு கையால் பிடித்துப் படிக்க வேண்டும் என்றாள். அவர் பார்வை அவளுடைய இடது கைப் பிளாஸ்திரிக்குப் போய்த் திரும்பியது. அவளுக்கென்றே நினைத்துக்கொண்டார், அவளும் திருத்தவில்லை. அப்புறம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. விரலுக்கு உறுத்தாதபடி மூலைகளைக்கூட வளைவாக வெட்டினார். கடைசித் தாள்களுக்கு அவர் வந்தபோது, கண் தவறியும் முடிவு தெரிந்துவிடக் கூடாது என்று அவள் தெருப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அக்கா இல்லாமல் ஒரு வரிகூடத் தாண்டியதில்லை. இனி அக்கா இந்த வரிகளையெல்லாம் தனியாகத்தான் படிப்பாள். இவளும் எங்காவது இன்னொரு பிரதி வாங்கித் தனியாகத்தான் படிக்க வேண்டும், பக்கத்தில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு.

சனிக்கிழமை ஊசி குத்தி, மெஷின் சுற்றத் தொடங்கி, அலாரம் அந்தப் பக்கம் நகர்ந்ததும், அவள் பையிலிருந்து முதல் மெல்லிய பகுதியை எடுத்து மேசையில் வைத்தாள். மற்ற நான்கும் பைக்குள் இருந்தன. அக்கா அதைப் பார்த்தாள். இடது கையால் எடுத்தாள். உள்ளங்கையில் நின்றது. கட்டைவிரலால் ஒரு தாளைத் தள்ளினாள், புரண்டது. மறுபடி தள்ளித் திருப்பினாள். வளைவாக வெட்டிய மூலையில் விரலை ஓட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு. இதுக்கு ஒரு கை போதும்."

குழாயில் ரத்தம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

"அப்போ இன்னொரு கை எங்க போகுது, லேப்?"

தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இன்றைய அரை லிட்டரை அவள் இன்னும் தொடவே இல்லை. அக்கா புத்தகத்தை மேசையின் நடுவில் வைத்து விரித்தாள். தன் பக்கத்தை வழக்கம்போல அழுத்திக்கொண்டாள். படிக்கக் குனியவில்லை. எதிர்ச் சுவரில் அணைந்து கிடந்த டி.வி.யைப் பார்த்துக்கொண்டு, எத்தனையோ பேருக்குச் சொன்ன குரலில் சொன்னாள்.

"நீ பாட்டுக்கு ஓட்டு. பிரேக் என் கால்ல இருக்கு."

அவள் தன் வலது கையை இடப்பக்கத்தின் மேல் வைத்தாள்.

"சித்தி எனக்கு கிட்னி தர்றாங்கக்கா. பொருந்திருச்சு. புதன்கிழமை ஆபரேஷன். இன்னிக்குதான் நான் இங்க கடைசி."

மெல்லிய புத்தகம் அது. யாரும் பிடிக்காமலே விரிந்து கிடக்கும். இரண்டு கைகளும் அதன் மேலேயே இருந்தன. அந்தப் பக்கத்தில் ஒரு நதி தொடங்கியிருந்தது.