மூன்றாவது மெமோவுக்குப் பதில்

ஹேமநாதன் சார் கம்பெனிக்கு வெளியே, டீக்கடை மறைவில் நின்றுதான் கோட்டு போடுவார். மண்ணூர்பேட்டை வெயிலில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, பிளாஸ்டிக் கவரிலிருந்து அதை எடுத்து, இரண்டு உதறு உதறி, கைகளை நுழைத்ததும் ஆளே ஒரு சாண் உயர்ந்துவிடுவார். கேட்டைத் தாண்டியதும் அவர் 'சர்வதேசத் தகவல்தொடர்புப் பயிற்சியாளர்'. பேனரில் அப்படித்தான் போட்டிருந்தது. எந்தெந்த தேசம் என்று பேனர் சொல்லவில்லை.

பேபி பதினேழு வருஷமாக அந்த ரப்பர் கம்பெனியில் பேக்கிங் செய்கிறாள். பயிற்சிக்கு இருபது நாற்காலி போட்டுவிட்டார்கள், ஆள் பத்தொன்பதுதான் தேறியது. அதனால் அவளையும் பிடித்து உட்காரவைத்தார்கள். ஃபேனுக்கு அடியில் இடம் என்பதால் அவளும் மறுக்கவில்லை. நான்கு நாளாக அண்ட், பட், பிகாஸ், ஸோ. வாக்கியங்கள் தனித்தனித் தீவுகளாம், இந்தச் சொற்களெல்லாம் பாலங்களாம். பேபி தீவைப் பார்த்ததில்லை. பட்டாபிராமில் அவள் வீட்டு மாடியில் நின்றால் மிலிட்டரி சைடிங் தெரியும். வாரக்கணக்கில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நிற்கும் கூட்ஸ் ரயில் பெட்டிகளை ஒருநாள் கொக்கி மாட்டி இழுத்துப் போவார்கள். அதுதானே இது என்று நினைத்துக்கொண்டாள். சாரிடம் சொல்லவில்லை. பாவம், பாலத்துக்குப் படமெல்லாம் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கன்னியப்பன் வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். ரப்பரை அழுத்தி வார்க்கும் பிரஸ் மெஷினை ஓட்டுபவர். கையில் டிபன் பாக்ஸ் இருந்தது, திறக்கவில்லை.

"மெமோ குடுத்துட்டானுங்க பேபி. திங்கக்கெழம நாப்பது நிமிசம் பிரஸ்ஸ நிறுத்திட்டனாம்."

"ஏண்ணா நிறுத்துன?"

"கைக்கு பாதுகாப்பா போட்ட கார்டு ஒடஞ்சி தொங்கிகினு கீது. கைய உட்டா கையே பூடும். ரிப்பேருக்கு கையெழுத்து வாங்கலாம்னு போனா ஒரு ஆபீசரு இல்ல. அல்லாரும் உங்க இங்கிலீசு கிளாசுக்கு குத்துவெளக்கு ஏத்திகினு இருந்தானுங்க."

அந்த விளக்கு பேபிக்கும் ஞாபகம் இருந்தது. ஃபேன் காற்றில் திரி அணைந்துகொண்டே இருந்தது. எம்.டி.க்கு வேர்க்கும் என்று ஃபேனை நிறுத்த யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஐந்து திரிக்கு ஐந்து பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு சால்வை, ஒரு உரை.

மெமோவுக்கான பதில் இங்கிலீஷில் இருக்க வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். ஆகவே யாரும் எழுதுவதில்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் தயாராக ஒரு கடிதம் உண்டு. தவறு செய்துவிட்டேன். வருந்துகிறேன். இனி நடக்காது. பேரையும் தேதியையும் நிரப்பினால் போதும். என்ன தவறு என்று அதில் இருக்காது. லேட்டாக வந்தவரும் மயக்கம்போட்டு விழுந்தவரும் அதே கடிதத்தில் வருந்திக்கொள்ளலாம். கன்னியப்பன் ஏற்கெனவே இரண்டு முறை வருந்தியிருந்தார். மூன்றாவது தவறென்றால் வேலை இல்லை என்று மெமோவிலேயே அச்சடித்திருந்தது. அவர் சட்டைப்பையில் மூன்றாவது ஜெராக்ஸ், கையெழுத்தோடு.

"இத நீட்டுனா உன் சீட்ட நீயே கிழிச்சிக்கற மாரிண்ணா."

"வேற இன்னா பண்ண சொல்ற? அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும். இதுன்னா ரெடியா கீது."

பேபி அதை வாங்கித் திருப்பிப்போட்டு, வெற்றுப் பக்கத்தில் பேனாவை வைத்தாள். 'ஐ ஸ்டாப்டு தி பிரஸ் பிகாஸ் தி கார்டு வாஸ் புரோக்கன்.' இந்த ஒரு வரிக்கு ஏழு நிமிஷம் ஆனது. அப்புறம் வண்டி ஓட ஆரம்பித்தது. சூப்பர்வைசரைத் தேடிப் போனேன், பட் எல்லா சார்களும் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள், ஸோ நான் காத்திருந்தேன், அண்ட் பிரஸ்ஸும் காத்திருந்தது.

தமிழில் படித்துக் காட்டச் சொன்னார் கன்னியப்பன். இரண்டு முறை கேட்டார்.

"அட, இதான நடந்திச்சி," என்றார். தன்னுடைய ஒரு நாளை முதலிலிருந்து கடைசிவரை யாரோ சொல்லி அவர் கேட்டதேயில்லை.

டீ நேரத்தில் இரண்டு பேரும் ஹேமநாதன் சாரிடம் போனார்கள். அவர் சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு படித்தார். பாதியில் பேனா நின்றது.

"கம்யூனிகேஷன்ல டிப்ளமசி முக்கியம் மேடம். இந்த ஃபங்ஷன் மேட்டர மட்டும் டெலீட் பண்ணிடலாமே."

"எடுத்துட்டா அண்ணாத்தே எதுக்கு நாப்பது நிமிசம் நின்னாருன்னு எப்டி சார் புரியும்?"

சார் அந்த வரியை மறுபடி படித்தார். அடுத்த பேட்ச் அவருக்கு உண்டா இல்லையா என்பதைச் சொல்லப்போவது அந்த விளக்கை ஏற்றிய கைகள்தான். அது பேபிக்கும் தெரியும். காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று அவள் கை நீட்டியபோது, சார் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். உள்ளே சட்டை அக்குளில் தையல் பிரிந்திருந்தது.

"உன் கை எப்டிண்ணா கீது?" என்று கன்னியப்பனிடம் கேட்டார்.

சர்வதேசத்தில் எந்த மூலையிலும் இல்லாத, சுத்தமான மண்ணூர்பேட்டைப் பேச்சு அது. கன்னியப்பன் திகைத்துப்போய் இரண்டு கைகளையும் நீட்டினார். பத்து விரல். சார் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தபா வந்து கதவாண்ட நின்னல்ல நீ? மேடைலருந்து பாத்தேன். சமோசாவுக்கு வந்து நிக்கிறன்னு நெனச்சிட்டேன்."

சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு நீலப் பேனாவை எடுத்தார். கடிதத்தில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. அடியில், விழாவில் நான் இருந்தேன், இவர் இரண்டு முறை வந்து காத்திருந்ததைப் பார்த்தேன் என்று எழுதி, முழுப் பேரோடு கையெழுத்துப் போட்டார்.

ஐந்து மணிக்கு முன்னால் காகிதத்தை ஆபீசில் கொடுத்தார்கள். எச்.ஆர். வித்யா மேடம் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். திருப்பிப் பார்த்து, பின்பக்கத்தில் இருந்த மூன்று வரி மன்னிப்பைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார். "எம்.டி. பாக்கணும். நாளைக்குச் சொல்றேன்," என்று முத்திரை குத்தினார்.

வேலை முடிந்து பேபியும் கன்னியப்பனும் போனபோது, பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ஹேமநாதன் சார் பிளாஸ்டிக் கவரோடு நின்றிருந்தார். இத்தனை நாளும் அதே ரயிலில்தான் போயிருக்கிறார். கோட்டு இல்லாததால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

"தேங்க்ஸ்னு ஒத்த வார்த்தைல சொன்னா பத்தாது சார்," என்றாள் பேபி.

"பத்தும்மா. நாலு நாளா நாந்தான் ஜாஸ்தி பேசிட்டேன்."

திருவள்ளூர் லோக்கல் பிதுங்கிக்கொண்டு வந்தது. கன்னியப்பன் முண்டியடித்து ஏறி, ஜன்னலோரம் ஒரு சீட்டில் கைக்குட்டையைப் போட்டு, சாரை இழுத்து உட்காரவைத்தார். கோட்டுக் கவரும் பேபியின் சாப்பாட்டுப் பையும் ஒரே கொக்கியில் தொங்கின. வண்டி ஒரு குலுக்கு குலுக்கிக் கிளம்பியது. பிடித்துக்கொள்ள ஒரு கை போதும். கன்னியப்பன் மேலே இருந்த கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நின்றார். அம்பத்தூர் தாண்டும்வரை பேபி அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பத்தும் இருந்தன.