எலின் கேட்க வந்த ஒரே கேள்வி

எலினை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. ஸ்பானிஷ் படிக்க வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பல வருடமாக அறை கொடுத்துச் சாப்பாடு போடுகிறவள் நான். செலா நகரத்தில் எத்தனை மொழிப் பள்ளி உண்டோ அத்தனையிலிருந்தும் என் வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது. மஞ்சள் முடி, நீலக் கண், நெட்டை, குட்டை எல்லாம் பார்த்தாயிற்று. அன்றைக்குக் கதவைத் திறந்தால் இவள் நிற்கிறாள். நம் மலைக் கிராமத்து முகம், கறுத்த நேர்முடி, என் தோளுக்கு மேல் வராத உயரம். "வேலைக்கு ஆள் வேணாம், போ போ" என்று கதவைச் சாத்தப் போனேன். ஸ்வீடன் பாஸ்போர்ட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். எனக்கு அசிங்கமாகப் போய்விட்டது. நம்மை அசிங்கப்படுத்தியவளை யாருக்குப் பிடிக்கும்?

மறுநாள் காலையில் முற்றத்துக்கு வந்தால், தொட்டிக்குள் கையை விட்டுக் காலுறைக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருக்கிறாள். எங்கள் தெருவில் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். அந்தத் தொட்டியில் பிடித்து வைப்பதுதான் நாள் முழுக்கச் சமையலுக்கும் குடிக்கவும்.

"அடிப்பாவி! அது குடிக்கிற தண்ணிடி! கிண்ணத்துல மொண்டு பக்கத்துக் கல்லுல தொவைக்கணும். இந்த ஊர்ல சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உனக்குத் தெரியாதா?"

நுரை வழியும் கையோடு நிமிர்ந்தாள். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பிடித்துச் சொன்னாள்: "மூஞ்சி நான் வாங்கலை. நீங்க கத்தறது எனக்குப் புரியலை. மெதுவாக் கத்துங்க."

திமிரைப் பாருங்கள். தொட்டியை முழுக்கத் திறந்துவிட்டுக் கழுவினேன். அன்றைக்குப் பக்கத்து வீட்டில் தண்ணீர் கடன் கேட்கப் போனது நான்தான், அவள் இல்லை.

ஊரும் அவளைச் சும்மா விடவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். சந்தையில் காய்க்காரிகள் அவள் முகத்தைப் பார்த்து மலைக்காரர்களின் கிச்சே மொழியில் பேசுவார்கள். இவள் விழிப்பாள். "பாருடி, டவுனுக்கு வந்ததும் மகாராணிக்கு ஊர்ப் பேச்சு மறந்துபோச்சாம்" என்று சிரிப்பார்கள். துணிக்கடைக் காவல்காரன் திருடியைப் பார்ப்பதுபோல் பின்னாலேயே நடப்பான். பள்ளியில்கூடப் படிக்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பையன் எச்சில் காப்பிக் கோப்பையை இவள் கையில் கொடுத்துக் கழுவச் சொன்னானாம். அந்தக் கோபத்தையெல்லாம் சுமந்துகொண்டு வந்து என்மேல் கொட்டுவாள். நான் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா? காலையில் சண்டை, மதியம் சண்டை. பள்ளியில் அவள் கற்றது தயவுசெய்து, மன்னிக்கவும் வகை ஸ்பானிஷ். மற்றது எல்லாம் என்னோடு மல்லுக்கு நின்று கற்றது. இரண்டு மாதத்தில் வாய்க்கு வாய் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் எனக்குப் பொறுக்கவில்லை. "இங்க எதுவுமே உனக்குப் பிடிக்கலை. எங்க யாருக்கும் உன்னையும் பிடிக்கலை. எதுக்கு உனக்கு இந்த மொழி? மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊரைப் பாத்துப் போயேன்."

கரண்டியைக் கீழே வைத்தாள். "கைக்குழந்தையா இருக்கும்போது என்னை இங்கேருந்து எடுத்துட்டுப் போய் ஸ்வீடன்ல வளத்தாங்க. என்னைப் பெத்த அம்மா மலைமேல ஒரு கிராமத்துல இருக்காங்க. ஒருத்தர் தேடிக் கண்டுபிடிச்சுக் குடுத்தாங்க. அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஏன் என்னைக் குடுத்தீங்க? அதை என் வாயால கேக்கணும். அதுக்குத்தான் படிக்கிறேன்."

"மலைக்காரிக்கு ஸ்பானிஷ் எங்க வரும்?"

"மகனுக்கு வருமாம். அவர் சொல்லுவாரு."

"நல்லா இருக்கு போ! பாடுபட்டுப் படிச்சு, கடைசில கண்டவன் வாயைப் பாக்கப் போறியா?"

அவள் எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு நான் சொன்னது அதிகம்தான். ஆனாலும் தப்பு என்று இன்றுவரை நினைக்கவில்லை.

அவர்கள் ஒரு சனிக்கிழமை மதியம் வந்தார்கள். வேறு இடம் கிடைக்காமல் என் சமையலறையைத்தான் கேட்டாள் எலின். தாய் பெத்ரொனீலா குருவி மாதிரி சின்ன உருவம், கால் தரையில் எட்டாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மகன் சபீனோவுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தான். கோழிக் குழம்பும் சோள ரொட்டியும் வைத்தேன். அவன் தட்டைப் பார்த்துத் தின்ன ஆரம்பித்தான். தாய் தட்டைத் தொடவே இல்லை. எலினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எலின் தாயைப் பார்த்துக் கேட்டாள். ஒரு எழுத்து பிசகவில்லை. "ஏன் என்னைக் குடுத்தீங்க?"

கேள்வி புரியாத அந்தப் பெண் மகனுக்காகக் காத்திருக்கவில்லை. தானாகவே கிச்சேயில் பேச ஆரம்பித்தாள்.

"சபீனோ, யாரோ வெளிநாட்டுக்காரி பாக்கணும்னான்னுதானே கூட்டியாந்தே? இவளுக்கு எங்க அக்கா நெத்தி இருக்குடா. எங்க அக்கா காது இருக்கு. என் பொண்ணுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. பொறந்த கொஞ்ச நாள்ல காய்ச்சல்னு உங்கப்பன் டவுனுக்குத் தூக்கிட்டுப் போனாரு. ஆணி அடிச்ச பெட்டியோட திரும்பி வந்தாரு. தேவதையாயிட்டா, திறந்து பாக்கக் கூடாதுன்னாரு. நான் அழுதா அவ றெக்கை நனைஞ்சுடும், மேல போக முடியாம தவிப்பான்னு எல்லாரும் சொன்னாங்க. நான் அழவே இல்லை. இவ யாருடா?"

சபீனோ ரொட்டியை மென்று விழுங்கினான். எலினைப் பார்த்து ஸ்பானிஷில் சொன்னான்: "வீட்டுல கஷ்டம், நிறையப் பிள்ளைங்க, அதனால நானாத்தான் குடுத்தேங்குறாங்க. கைநாட்டும் வெச்சாங்களாம். இனிமே தேடி வர வேணாங்குறாங்க. நிலம் கிலம்னு எதுவும் இங்க இல்லை."

எலின் தலையை ஆட்டினாள். பள்ளிக்கூட ஸ்பானிஷில், மெல்லிய குரலில், "ரொம்ப நன்றி" என்றாள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். நாளைக்கே இவள் மூட்டை கட்டியிருப்பாள், என் வீட்டில் தண்ணீரும் நிம்மதியும் மிஞ்சியிருக்கும். ஆனால் அந்த நன்றி இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா உட்கார முடியவில்லை. என்னோடு எதற்கும் இறங்கி வராத வாய் அது.

"டேய்!" என்று மேசையைத் தட்டினேன். "என் அடுப்புல வெந்ததைத் தின்னுக்கிட்டே, என் முன்னாடியே பொய் சொல்றியா? நான் டவுன்காரின்னு நினைச்சே, இல்ல? பாவாடை கட்டுன வயசுலேருந்து மலைச் சந்தையில செருப்பு வித்தவடா நான். உங்க ஆளுங்களோட உங்க மொழியிலதான் பேரம் பேசினேன்."

அவன் முகம் வெளிறிப்போனது. "வீட்டுக்காரம்மா, இது எங்க வீட்டு விஷயம்."

"இது என் வீட்டு மேசை."

கேட்டால் எல்லாம் புரியும், பேசினால் என் கிச்சே பேரத்துக்குத்தான் ஆகும். "அதிகம் சொல்றே", "குறைச்சுக் குடு", "ஏமாத்தாதே", அவ்வளவுதான் சரளமாக வரும். அதை வைத்துக்கொண்டு தாயிடம் சொன்னேன்: "உன் மகன் ஏமாத்துறான். நீயே குடுத்தேன்னு சொல்றான். திரும்பி வராதேன்னு நீ சொன்னதாச் சொல்றான்." அப்புறம் எலினிடம், தாய் சொன்னது முழுவதையும் ஸ்பானிஷில் சொன்னேன். ஆணியையும் விடவில்லை, றெக்கையையும் விடவில்லை. எலின் இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பெத்ரொனீலா மகனைப் பார்த்தாள். "என்னடா சொன்னே நீ?"

"அப்பா செத்துப்போயிட்டாரும்மா. அவரை விட்டுடு."

"பெட்டிக்குள்ள என்னடா இருந்துச்சு?"

 அவள் நாற்காலியை விட்டு இறங்கினாள். நின்றபோதும் உட்கார்ந்திருந்த மகனின் உயரம்தான் இருந்தாள். அவன் தொப்பியைப் பிடுங்கித் தரையில் அடித்தாள். "கேக்குறேன்ல? என்ன இருந்துச்சு?"

"கல்லு," என்றான் சபீனோ. "ஆத்துக் கல்லு. அப்பா பொறுக்கியாரச் சொன்னாரு. பொறுக்கிக் குடுத்தேன். எனக்கு ஏழு வயசும்மா. எதுக்குன்னு அப்பத் தெரியாது."

"அப்புறம் தெரியும்ல?"

அவன் குனிந்து தரையில் கிடந்த தொப்பியைப் பொறுக்கினான்.

எலின் என் கையைப் பிடித்து உலுக்கினாள். என்ன, என்ன என்று கேட்டாள். கல் என்ற வார்த்தையைச் சொன்னேன். அதற்குமேல் என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை, ஏனென்றால் அதற்குள் பெத்ரொனீலா அழ ஆரம்பித்துவிட்டாள். என் தாய் செத்த அன்றுகூட இந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் எழுந்ததில்லை. தெருக்கதவுவரை ஆட்கள் வந்து நின்றார்கள். மகன் தோளைத் தொட வந்தான், கையைத் தட்டிவிட்டாள். எலின் தாயின் பக்கத்தில் போய் நின்றாள். தாய் அவள் காதைத் தொட்டுப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு மகனிடம் திரும்பினாள்.

"கல்லுக்காடா? வருஷா வருஷம் பூ வெச்சு, கண்ணுல ஒரு சொட்டு வந்துடாம நெஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருந்தேனே, கல்லோட றெக்கை நனையக் கூடாதுன்னாடா?"