துண்டுக்குள் மூன்று விரல்

உச்சிமாகாளி மாட்டுத் தரகர். அவர் வாயைத் திறந்தால் சந்தையில் கட்டிக் கிடக்கிற மாடெல்லாம் காதை விடைத்துக்கொள்ளும். ஆனால் விலையை மட்டும் வாயால் பேச மாட்டார். துண்டைப் போட்டு மூடி, எதிராளியின் விரல்களை இத்தனை என்று எண்ணிப் பிடித்தே பேரத்தை முடிப்பார். முப்பது வருஷத்தில் யாருக்கும் ஒரு விரல் விட்டுக்கொடுத்ததில்லை. இத்தனை கெட்டிக்காரர், காது கேளாத மகள் உலகம்மையிடம் மட்டும் தொண்டை கிழியக் கத்துவார். சத்தம் போதவில்லை, அதுதான் குறை என்று அவருக்கு ஒரு நினைப்பு.

எட்டு வயது உலகம்மை பாளையங்கோட்டையில், காது கேளாதோர் பள்ளியில் தங்கிப் படித்தாள். 1958 பொங்கல் லீவு முடிந்து திரும்புகிற நாள். தென்காசி பஸ் ஸ்டாண்டில், அவளைக் கூட்டிப்போக வந்த சுகிர்தம் டீச்சரின் பையிலிருந்து மாதக் காலண்டரை உருவி, தாள் தாளாகப் புரட்டி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தன மாசங் கழிச்சு வருவியன்னு கேக்குதா அண்ணாச்சி. போன தடவ ஒண்ணும் சொல்லாம விட்டுட்டுப் போயிட்டிய. இனி வரவே மாட்டியன்னு நெனச்சு பத்து நாளா கேட் வாசலையே பாத்துக்கிட்டு நின்னா."

உச்சிமாகாளி மகள் பக்கம் திரும்பினார். குனிந்து, "ஏட்டி, மாங்கா பழுக்கையில வாரேன்!" என்று கத்தினார். மூன்று பஸ் தள்ளி நின்ற கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"காது கேக்காதது அவளுக்குத்தான் அண்ணாச்சி, எங்களுக்கில்ல. கையால சொல்லுங்க."

நாலு பேர் பார்க்கக் கையை ஆட்டுவதா? கூச்சம் அவரைப் பிடுங்கித் தின்றது. அதற்குள் உலகம்மை கோபத்தில் கண்களை இறுக மூடிக்கொண்டாள். அவள் கண்ணை மூடிவிட்டால் பேச்சு முடிந்தது, கெஞ்சக்கூட வழி கிடையாது.

பஸ் உறுமியது. அப்போதுதான் தோளில் கிடந்த துண்டு ஞாபகம் வந்தது. அதை மகள் கைமேல் போட்டு, உள்ளே கைவிட்டு, அவள் விரல்களில் மூன்றைச் சேர்த்து அழுத்தினார்.

உலகம்மை ஒரு கண்ணைத் திறந்தாள். காலண்டரில் மூன்று தாள் புரட்டினாள். முகம் சுருங்கியது. மறுபடி துண்டுக்குள் கைவிட்டு, அப்பாவின் விரல்களில் இரண்டை மட்டும் பிடித்தாள்.

பேரம்! அவர் மூன்றை அழுத்தினார். அவள் இரண்டை விடவில்லை. கடைசியில் உச்சிமாகாளி தலையாட்டிவிட்டார்.

"ரெண்டு மாசத்துல லீவு கெடையாதே அண்ணாச்சி?"

"லீவு இல்லாட்டி என்ன? கேட் வாசல்ல நின்னாவது பிள்ளையப் பாத்துட்டு வாரேன். துண்டுக்குள்ள பேசுன பேச்ச நான் மாத்துனதில்ல."

பஸ் வளைவு திரும்புகிறவரை ஜன்னலில் உலகம்மை இரண்டு கண்களையும் திறந்தே வைத்திருந்தாள்.