திருப்பிச் சொன்னால்தான் லிஃப்ட் நகரும்

1

இந்தக் கதை ஒரு கெட்ட பழக்கத்திலிருந்து பிறந்தது. போன மாதம் அடையாறில் ஒரு லிஃப்டில் நின்றிருந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர் தன் பேரனிடம் “மூணாவது மாடி” என்றார். “மூணாவது மாடி” என்றேன் நானும், சத்தமாக. பேரன் சிரித்தான். எனக்கு ஃபராஸின் குரல் காதுக்குள் வந்துவிட்டது.

(அங்கே பயணியாக நின்றேனா, பழுது பார்க்கப் போயிருந்தேனா என்று சொன்னால் முடிவு தெரிந்துவிடும். சொல்லமாட்டேன்.)

2

முதலில் எழுதிய வரி: ‘மயிலாப்பூரின் மேல் மழை, யாரோ மறந்துபோன…’

அடித்துவிட்டேன். நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில்தான் எப்போதும் மழை. எங்கள் பயிற்சிக் காலம் முழுக்க வெயில்.

நடந்தது இதுதான். பாலிடெக்னிக்கில் கடைசி ஆறு மாதம் ஏதாவது கம்பெனியில் வேலை பழகவேண்டும். எங்கள் கல்லூரி ஒரு லிஃப்ட் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. திருவல்லிக்கேணி ஃபராஸையும் மயிலாப்பூர் மதுவந்தியான என்னையும் ஜோடியாக அனுப்பினார்கள். முடிவில் இருவருக்கும் வேலை என்று பேச்சு.

அது ஒற்றை ஆளாகச் செய்யக்கூடாத வேலை. அவன் லிஃப்டின் கூரைமேல் நிற்பான். நான் மொட்டை மாடி மிஷின் ரூமில், பட்டனோடு. அங்கே தரையில் லிஃப்ட் கயிறு இறங்கும் ஓட்டை வழியாகத்தான் பேச்சு. அவன் சொன்னதைத் திருப்பிச் சொன்ன பிறகே நான் பட்டனைத் தொடலாம். ‘நில்லு’ மட்டும் விதிவிலக்கு. அதை யாரும் எப்போதும் சொல்லலாம். கேட்டதும் எல்லாம் நின்றுவிட வேண்டும்.

3

“மெதுவா கீழ.”

“மெதுவா கீழ.”

“இன்னா டீச்சர், புக்கை மூடிட்டுத்தானே சொல்ற?”

“மூடியாச்சுப்பா.”

“பார்த்து, தாயே! நான் லிஃப்டு மேல கீறேன். உன் கதைக்குள்ள இல்ல.”

(இப்போது இருக்கிறான்.)

கிரீஸ் வாசனை, ஜன்னலில் புறாக்கள், தூரத்தில் கபாலி கோயில் கோபுரம். அந்த மாதங்களில் அவன் முகத்தைவிடக் குரல்தான் எனக்கு அதிகம் பழக்கம். சளி பிடித்திருந்தால், சாப்பிடாமல் வந்திருந்தால், ஓட்டை வழியாகவே தெரிந்துவிடும். இப்போது அப்படி யார் குரலையும்…

விடுங்கள்.

4

சூப்பர்வைசர் சுந்தரராமன் என்ற பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம். முதல் பிரதியில் அவரைக் கல்நெஞ்சக்காரர் ஆக்கியிருந்தேன். உண்மையில் கடைசி நாள் லஸ் பக்கத்துக் கட்டடத்தில் எங்கள் முன் நின்று, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“காலேஜ்ல ரெண்டு பேர்னுதான் பேசினோம். இப்ப ஒருத்தர் போதும்கறா ஹெட் ஆபீஸ்ல. நான் யாரைன்னு சொல்லுவேன்? நீங்களே பேசிண்டு மத்தியானத்துக்குள்ள சொல்லுங்கோ.”

சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

வேலை கிடைக்காவிட்டால் ஃபராஸுக்கு மாமாவின் மொபைல் கவர் கடை. எனக்கு, அப்பா விசாரித்து வைத்திருந்த வங்கித் தேர்வு வகுப்பு. இரண்டு பேருக்குமே லிஃப்ட்தான் வேண்டும்.

முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. அவன் கூரைமேல் ஏறிக்கொண்டான். நான் மிஷின் ரூமுக்குப் போனேன்.

5

ஒரு பிரதியில் ஃபராஸ் எனக்காக விட்டுக்கொடுத்தான். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவன் அரை பஜ்ஜிகூட விட்டுக்கொடுக்காதவன். அன்று ஓட்டை வழியாக வந்த குரல் இதுதான்:

“மது, நான் சேர்ந்துக்கறேன்.”

டீச்சர் இல்லை, மது. முதல் தடவையாக.

6

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் “நீ சேர்ந்துக்கோ” என்று திருப்பிச் சொல்கிறேன். நான் பெரிய மனசுக்காரி ஆகிவிடுகிறேன். மற்றதில் “நில்லு” என்கிறேன். அவன் சிரித்துக்கொண்டே ஒதுங்கி, பெரிய மனசுக்காரன் ஆகிவிடுகிறான். இரண்டும் பொய். அன்று எங்கள் இருவரிடமும் அவ்வளவு பெரிய மனசு இல்லை.

அதனால் மிஷின் ரூமில் கொஞ்சம் உங்களை நிற்க வைக்கிறேன். புறாக்களைப் பார்க்காதீர்கள். லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிற்கிறது. பட்டன் உங்கள் விரலடியில். கீழே ஒருவன் இருட்டில் தலையைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

“கேட்டுச்சா?” என்கிறான்.