எட்டாவது தட்டு

1975 ஆகஸ்டில் அயர்லாந்தின் பாலினகாரா ஊர்க்கூடத்தில் ஆடும்போது எம்பிய நூலா கான்சிடீன் அதற்குப் பிறகு தரையில் இறங்கவில்லை. ஒன்றரை அடி உயரத்திலேயே நின்றுவிட்டாள். காரணம், அன்றைக்கு வாசித்த 'நெட்டைக் கொக்கு' என்கிற ராக் குழு. அதன் கீபோர்டுக்காரன் ஃபெர்கல் டூஹி உள்ளூர் மளிகைக்கடைக்காரர் மகன். டப்ளினுக்குப் போய் முடியையும் ஞானத்தையும் வளர்த்துக்கொண்டு வந்தவன். ஊரார் காலங்காலமாக ஆடிவந்த ரீல் மெட்டுக்குச் சுற்றுக்கு எட்டுத் தட்டு. அது பாமரத்தனமாக இருக்கிறதென்று கடைசித் தட்டை வெட்டி எறிந்துவிட்டு ஏழில் வாசித்தான். நூலா காலை ஊன்ற வேண்டியது அந்த எட்டாவதில். அது வரவில்லை, அவளும் வரவில்லை.

காலுக்கடியில் பலகை வைத்துப் பார்த்தார்கள். பலகைக்கு மேலே ஒன்றரை அடியில் நின்றாள். பாதிரியார் தீர்த்தம் தெளித்துவிட்டுத் தேநீர் குடித்துப் போனார். தபால் நிலையத்தில் அவள் மேஜையை உயர்த்திக் கொடுத்தார்கள், வேலை குறையில்லாமல் நடந்தது. ஆட்டம்தான் போயிற்று. குதிகால் பலகையில் படபடவென்று விழும் சத்தம்தான் அந்தப் பக்கத்து ஆட்டமே. காற்றில் ஆடினால் ஊமைக்கூத்து. அதை நினைத்து அவள் பல வருடம் அழுதாள். குழுவோ இசைத்தட்டாகப் போட்டுத் தள்ளியது. ஒரு பாட்டு இருபத்துமூன்று நிமிடம்; அதில் புல்லாங்குழல் வருவதற்குள் உருளைக்கிழங்கு வேகவைத்துத் தின்றுவிடலாம்.

அந்தக் கச்சேரியின் நாற்பதாவது ஆண்டு நிறைவுக்குக் குழுவினர் அதே கூடத்துக்கு வந்தார்கள், நாலு தொப்பையும் பழைய வெல்வெட் அங்கிகளுமாக. மதிய ஒத்திகையில் நூலா மேடையோரம் போய் நின்றாள்.

"ஃபெர்கலு, ஒரே ஒரு தடவ நேரா வாசிச்சிடு. எட்டாவது தட்டக் குடு, நான் எறங்கிக்கிறேன்."

"நாங்க என்ன கல்யாணத்துக்கு வாசிக்கிற கோஷ்டியா, நூலா?" என்றான். பிறகு அவள் காலுக்குக் கீழே கிடந்த வெற்றிடத்தைப் பார்த்து, சரி என்றான்.

மூன்று முறை முயன்றார்கள். நூலா ஒவ்வொரு முறையும் காலை நீட்டிக் காத்திருந்தாள். ஏழு வரை சுத்தமாக வந்தது. அதற்கப்புறம் நாலு பேர் கையும் தானாக அடுத்த சுற்றுக்குத் தாவியது. டிரம்ஸ்காரர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஏழுக்கு மேல் அவருக்கு விரல் மடங்கவில்லை.

"விடுடா," என்றாள் நூலா. "எனக்குத் தரைதான் கெடைக்கல. எட்டு வரைக்கும் எண்ணத் தெரியும்."

வெளியே மழை பெய்து தெருவெல்லாம் சேறு. குழுவினர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தேடி நடந்தார்கள். நூலா, 1975இல் வாங்கிய, குதி தேயாத அதே ஷூவோடு, சேற்றுக்கு ஒன்றரை அடி மேலே வீட்டுக்குப் போனாள்.